நூறு சாரும் நாற்பத்தோராம் ஸ்லைடும்

எங்கள் ஆஸ்பத்திரி லேப்பில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நூறு சார் என்றால்தான் தெரியும். மலேரியா இருக்கிறதா என்று பார்க்க வரும் ரத்தத் துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, லென்ஸுக்கு அடியில் வட்டம் வட்டமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். குறைந்தது நூறு வட்டம் பார்க்காமல் 'இல்லை' என்று எழுதக் கூடாது என்பது விதி. விதி எல்லோருக்கும்தான் இருக்கிறது. நாற்பதோடு நிறுத்திவிட்டு நூறு என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். யார் யார் என்று சொல்லி நான் வம்பை விலைக்கு வாங்க மாட்டேன். இவர் நூறு என்றால் நூறு. டீ வந்திருக்கிறது சார் என்று கூப்பிட்டால், கண்ணை எடுக்காமலே "நூறு ஆகட்டும்மா" என்பார். அதற்குள் டீயில் ஆடை படிந்திருக்கும். அதையும் ஒன்றும் சொல்லாமல் குடிப்பார்.

நான் அந்த லேப்பின் ரிப்போர்ட் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள். வரிசையில் நிற்கிறவர்களோடு நாள் முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவது என் வேலை. என் நாற்காலிக்கு ஆறடி பின்னால் அவருடைய மேஜை. பத்தொன்பது வருஷம் ஆறடி தூரத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் சார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. என் வீட்டில் இரண்டு பையன்கள், ஒரு மாமியார், டிவியை அலற விட்டுத் தூங்குகிற ஒரு புருஷன். சத்தமில்லாத மனிதர் ஒருவர் பக்கத்தில் இருப்பது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. அந்தச் சௌகரியத்தை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே நாளில், அந்த நாற்பத்தோராம் ஸ்லைடு வந்த நாளில் தெரிந்தவைதான். அவருடைய அம்மா பதினோரு வருஷம் படுத்த படுக்கையாக இருந்தாராம். காலையில் துடைத்து, ஊட்டி, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வேலைக்கு வருவார். கல்யாணப் பேச்சு எடுக்கிறவர்கள் அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அம்மா போனபோது இவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. தம்பி வெளிநாட்டில் குடும்பத்தோடு இருக்கிறான். இவர் ஒரு நீளமான கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எட்டாம் நம்பர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். அறைக்கும் அறைக்கும் நடுவில் சுவர் கிடையாது, வெறும் பலகைத் தடுப்பு.

ஏழாம் நம்பரில் இருந்தவர் செல்போன் டவரில் ஏறிப் பழுது பார்க்கிறவர். பாதி மாதம் வெளியூர். இவர் அவரை மூன்று வருஷத்தில் நாலைந்து தடவை படிக்கட்டில் பார்த்திருக்கிறார். ஒதுங்கி நின்று வழி விட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் பலகை வழியாக எல்லாம் தெரியும். காலையில் எழுந்ததும் டவர்காரர் இரண்டு தடவை செருமுவார். டம்ளரில் கரண்டியை வேண்டுமென்றே ஓங்கிக் கலக்குவார். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு போன் போட்டு, சாப்பாடு சரியில்லை என்பதில் ஆரம்பித்து முதலாளியைத் திட்டுவதில் முடிப்பார். ரேடியோவில் ஒரு நகைச்சுவைக்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தபோது, இந்தப் பக்கம் இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டதாம். சத்தம் அந்தப் பக்கம் கேட்டுவிடப் போகிறதே என்று துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாராம். இதை அவர் என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும்போது அழுகை வந்தது.

அப்படிப்பட்டவர் தன் அறையில் எப்படி இருந்திருப்பார்! நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றி வைத்திருந்தார். கதவை மெல்லச் சாத்துவார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார். அம்மாவின் தூக்கம் கலையாமல் இருப்பதற்காகப் பழகியது, அம்மா போன பிறகும் போகவில்லை.

சரி, ஸ்லைடுக்கு வருகிறேன். அன்று காலையில் வார்டிலிருந்து அறுபதுக்கு மேல் ஸ்லைடு. மழை விட்டுப் பத்து நாளாகியிருந்தது, ஊரெல்லாம் ஜுரம். சட்டென்று முடிவு சொல்லும் கார்டு டெஸ்ட் தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்ததால், எல்லாம் இவர் தலையில்தான் விழுந்தது. ஸ்லைடில் நம்பர் மட்டும்தான் இருக்கும். பெயரும் விலாசமும் என்னிடம் வரும் சீட்டில். நாற்பத்தொன்றை நூறு வட்டம் பார்த்தார். ஒட்டுண்ணி காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அதை வார்டு ஆளிடம் கொடுத்தேன்.

மத்தியானம் சீட்டுகளைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வாய்விட்டுப் படித்தால்தான் எழுத வரும். இந்தப் பழக்கத்துக்காக நான் வாங்காத பேச்சு இல்லை. நாற்பத்தொன்று, ஆண், வயது முப்பத்தாறு, ஐந்து நாள் ஜுரம், பேச்சுக் குழறல், மூன்றாம் மாடி ஏழாம் நம்பர் அறை என்று படித்துக் கட்டடத்தின் பெயரையும் சொன்னேன். பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"எந்தக் கட்டடம்மா சொன்ன?"

சொன்னேன். அவர் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. "நாலு நாளா அந்தப் பக்கம் சத்தமே இல்ல. ஊருக்குப் போயிருக்கார்னு நெனச்சேன்" என்றார். யார், எந்தப் பக்கம் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பெட்டியிலிருந்து அந்த ஸ்லைடைத் தேடி எடுத்து, எண்ணெய்ச் சொட்டு விட்டு, மறுபடி குனிந்தார். நூறு முடித்தார், இருநூறு முடித்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. பிறகு ஸ்லைடை நகர்த்தாமல் ஒரே வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா, கொஞ்சம் இதப் பாரு."

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. ஜன்னலில் கத்திக்கொண்டிருந்தவரிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

"என்ன தெரியுது?"

"ஊதாவா திட்டுத் திட்டா இருக்கு சார்."

"அதெல்லாம் வெள்ளணு. சாயம் போடும்போது சிவப்பணு கரைஞ்சு போயிடும், மிஞ்சறது இதுதான். அதுக்குள்ள பாரு."

"மண்ணு மாதிரி ஏதோ இருக்கு. பழுப்பா, பொடியா."

"ஆமா, பொடி. மண்ணு இல்லம்மா" என்றவர், அதற்குப் பிறகு பேசியது போல என்றைக்கும் பேசியதில்லை. "இந்தத் திருட்டுப் பயல் வெளிய சுத்துனா வெள்ளணு பிடிச்சு முழுங்கிடும். அதனால சிவப்பணுக்குள்ள பூந்துக்குவான். உடம்புல மத்த செல்லுக்குள்ள எவனாவது பூந்தா, அந்த செல்லு அவனோட துணுக்கு ஒண்ண எடுத்து வாசல்ல காட்டும், வெள்ளணு பார்த்துட்டு வந்துடும். சிவப்பணுவுக்கு அந்த வசதி கிடையாது. உள்ள யார் இருந்தாலும் அதுக்குச் சொல்லத் தெரியாது."

"அப்போ உள்ளயே ஜாலியா இருந்துக்குவானா?"

"முடியாதே. அவன் வளர வளர அந்த அணு விறைச்சுப் போகும். மண்ணீரல் வழியா போனா அங்க வடிகட்டிப் பிடிச்சிடும். அதனால அணு மேல ஒரு கொக்கியப் போட்டு, மூளையில, கிட்னியில இருக்கற சின்ன ரத்தக் குழாயோட சுவத்துல ஒட்டிக்குவான். விரலக் குத்தினா எப்படிம்மா வருவான்? வெள்ளணு அந்தக் கொக்கிய அடையாளம் கண்டுபிடிச்சு அடிக்கிறதுக்குள்ள, வேற கொக்கி மாத்திக்குவான். அறுபது தினுசு வெச்சிருக்கான்."

"இந்தப் பொடி?"

"சிவப்பணுவத் தின்னுட்டு அவன் ஒதுக்கற மிச்சம். அணு வெடிக்கும்போது சிதறும். வெள்ளணு அத முழுங்கிடும், ஆனா அதுக்கும் செரிக்காது. இத்தனை வெள்ளணுவோட வயித்துல பொடி இருக்குன்னா, உள்ள எங்கயோ கூட்டமா ஒட்டிட்டிருக்கான்னு அர்த்தம். ஆளு தாங்க மாட்டார்."

காலையில் எப்படிப் பார்க்காமல் விட்டீர்கள் என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவரே சொன்னார். ஒட்டுண்ணி இருக்கிற ஸ்லைடில் அது எவ்வளவு என்று கணக்குச் சொல்ல, இருநூறு வெள்ளணு தாண்டுவதற்குள் எத்தனை ஒட்டுண்ணி வருகிறது என்று எண்ணுவார்கள். இடது கையில் ஒரு எண்ணும் கருவி, வெள்ளணு ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. இருபத்தெட்டு வருஷம் தட்டிய தட்டில், வெள்ளணு அவருக்கு மைல்கல் மாதிரி ஆகிவிட்டது. "எண்ணுவேன்மா, உள்ள பார்க்க மாட்டேன். படிச்சிருக்கேன், பரீட்சையில எழுதியிருக்கேன். இருந்தும் கண்ணு தாண்டிப் போயிடுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். நூறுக்கு நூறு ஒழுங்காகப் பார்க்கிறவருக்குத்தான் இந்தத் தப்பு வரும். அரைகுறையாக வேலை செய்கிறவனுக்கு இது வராது.

எங்கள் லேப் தலைமை டாக்டரம்மா கெட்டவர் இல்லை. இவர் மேல் அவருக்கு மரியாதை உண்டு. அதனால்தான், இவர் போய் விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தணித்துச் சொன்னார்.

"புதுசா ஒரு சாம்பிள் எடுக்கச் சொல்லி, புது நம்பர்ல ரிப்போர்ட் குடுங்க. காலையில குடுத்தது அது பாட்டுக்குக் கிடக்கட்டும். அப்புறமா நோய் ஏறியிருக்குன்னு நெனச்சுக்குவாங்க. உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு சார்."

"புது சாம்பிள் நாளைக்குக் காலையிலதான் மேடம் வரும். விரல்ல இல்லாதவன் நாளைக்கு மட்டும் விரலுக்கு வருவானா?"

"சரி, நான் வார்டுக்கு வாயால சொல்லிடறேன். எழுத்துல எதுக்கு?"

"காலையில நான் எழுத்துலதான மேடம் குடுத்தேன்?"

அவர் அதே சீட்டின் நகலை எடுத்து எழுதினார்: 'காலையில் கொடுத்த முடிவு தவறு. வெள்ளணுக்களில் மலேரியா நிறமித் துகள் மிகுதி. உடனே கவனிக்கவும். பார்த்தவர் நான்.' கையெழுத்துப் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு கதவு வரை போனவர் திரும்பி நின்றார்.

"வார்டு எந்தப் பக்கம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம். வாசல், லேப், வாசல். அதைத் தவிர ஒரு இடமும் அவருக்குத் தெரியாது. வரிசையில் நின்றவர்கள் என்னை வாய்க்கு வந்தபடி திட்ட, ஜன்னலை இழுத்து மூடிவிட்டு நான் அவரைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன். நாற்பத்தொன்று தன் பக்கத்து ரூம்காரர் என்று படியில்தான் சொன்னார்.

வார்டு டாக்டர் சின்ன வயசுக்காரர், தூங்கி இரண்டு நாளாகியிருக்கும். சீட்டைப் படித்ததும் எரிந்து விழுந்தார்.

"காலையில இல்லைன்னு குடுத்தீங்க. அத நம்பித்தான் வேற ஜுரத்துக்கு மருந்து ஏத்திட்டிருக்கேன். இப்ப வந்து பொடின்றீங்க. பூச்சி எங்க?"

"பூச்சி தெரியல டாக்டர்."

"தெரியாம எப்படி ஊசிய மாத்தறது? இவருக்கு நினைவும் சரியில்ல, கட்டடத்து வாட்ச்மேன் விலாசத்தச் சொல்லிச் சேர்த்துட்டுப் போயிட்டார், எங்க போனார் என்ன சாப்பிட்டார்னு சொல்லக் கூட ஆள் இல்ல."

நூறு சார் கட்டிலைப் பார்த்தார். டவர்காரர் கண் செருகிக் கிடந்தார், உதடு வெடித்திருந்தது. அந்த முகத்தை அவர் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான்.

"மலை மேல டவர் வேலைக்குப் பதினோரு நாள் போயிட்டு வந்தார்" என்று ஆரம்பித்தார். "கொசுவலை குடுக்கலன்னு அக்காகிட்ட கோவமா சொன்னார். வந்து எட்டு நாளைக்கு அப்புறம் ஜுரம். மருந்துக் கடையில ஏதோ மலேரியா மாத்திரை வாங்கி ரெண்டு வேளை போட்டார், வாந்தி வருதுன்னு நிறுத்திட்டதா போன்ல சொல்லிட்டிருந்தார். அதுலதான் ரத்தத்துல இருந்தது கொஞ்சம் அழிஞ்சிருக்கும். ஒட்டிட்டிருக்கறது அப்படியே இருக்கும்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

ஒரு மனிதனின் மாத்திரை வரை தெரிந்தவர், அந்தக் கேள்விக்குக் கட்டிலின் கம்பியைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "பக்கத்து ரூம்" என்று நான்தான் சொன்னேன். டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு ஊசியை மாற்றச் சொன்னார்.

இரண்டு நாள் இழுபறிதான். நூறு சார் தினமும் மத்தியானம் டப்பாவை மூடி வைத்துவிட்டு மாடி ஏறுவார். இப்போது வழி தெரியும். வார்டுக் கதவருகே நிற்பார், திரும்பி வந்து குனிந்துகொள்வார். மூன்றாம் நாள் டவர்காரர் கண் திறந்து தண்ணீர் கேட்டார் என்று நர்ஸ் சொல்ல, நான் ஜன்னலிலிருந்தே கத்தினேன். நூறு சார் எழுந்து போய்க் கை கழுவும் தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். ரொம்ப நேரம் கழுவினார்.

"உள்ள போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க சார். நீங்க இல்லன்னா அந்த ஆள் இல்ல."

"என்னன்னு சொல்லிட்டுப் போறதும்மா? உங்க சத்தம் எனக்குத் தெரியும்னா?"

அதற்குள் டவர்காரரின் அக்கா வந்துவிட்டார். கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். இவர் கதவு வரை போவதையும் நிறுத்திவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தப் பூச்சி ஒளிகிறது என்றால் பிழைக்க வேண்டும் என்று ஒளிகிறது. இந்த மனிதர் எதற்கு ஒளிகிறார்? யார் இவரை விழுங்கப் போகிறார்கள்? கேட்டேவிட்டேன். பழகிப்போச்சும்மா என்றார்.

எழுத்தில் கொடுத்ததற்குப் பலன் மூன்றாம் வாரம் மெமோவாக வந்தது. தவறான முடிவு வழங்கியதால் மைக்ராஸ்கோப் வேலையிலிருந்து விலக்கி, ரத்தம் எடுக்கும் கவுண்டருக்கு மாற்றுகிறோம் என்று இருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு காக்கைக்கும் தெரிந்திருக்காது. கவுண்டர் என் ஜன்னலை ஒட்டித்தான். முதல் நாள் அவர் பட்ட பாடு! ஒரு கிழவரின் கையைப் பிடிக்கத் தெரியாமல், கண்ணாடிச் சாமானைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றார். "பிடிங்க தம்பி, ஒடஞ்சு போயிட மாட்டேன்" என்று கிழவர் சொல்ல, வரிசையே சிரித்தது. சாயங்காலம் கிளம்பும்போது "எல்லாருக்கும் கை எவ்வளவு சூடா இருக்கும்மா" என்றார். நான் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மலேரியா வந்து தேறியவர்கள் இருபத்தெட்டாம் நாள் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். டவர்காரர் வந்தார். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது, மற்றபடி நன்றாக இருந்தார். அறைக்குத் திரும்பி வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நூறு சாருக்கு அது தெரியாமலா இருக்கும். அந்தச் செருமலைத் தினமும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார். நான் ரிப்போர்ட் தேடுவது போலக் குனிந்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டேன்.

டவர்காரர் முக்காலியில் உட்கார்ந்து விரலை நீட்டினார். "மெதுவா குத்துங்க சார். டவர்ல எறநூறு அடி ஏறுவேன், ஊசின்னா பயம்."

நூறு சார் விரலைத் துடைத்தார், குத்தினார், துளியைக் கண்ணாடியில் தொட்டு எடுத்தார். பஞ்சை வைத்து அழுத்தியவர் கையை விடவில்லை. சொல்லுங்கள் சார், சொல்லித் தொலையுங்கள் என்று நான் உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"நான் உங்க பக்கத்து ரூம்லதான் இருக்கேன்" என்றார்.

"எந்த ரூம்?"

"எட்டாம் நம்பர்."

"எட்டா? எப்ப சார் வந்தீங்க?"

"மூணு வருஷம் ஆச்சு."

டவர்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அதில் கேலி இல்லை, நிஜமான ஆச்சரியம். "அந்த ரூம் காலியா கிடக்குன்னுல்ல சார் நெனச்சிட்டிருக்கேன்! ஜுரத்துல எழுந்திரிக்க முடியாம கிடந்தப்ப, அந்தப் பக்கம் பலகையத் தட்டலாமான்னு நெனச்சேன். ஆள் இல்லாத ரூமத் தட்டி என்ன பண்றதுன்னு விட்டுட்டேன்."

நூறு சாரின் கட்டைவிரல் பஞ்சின் மேல் அப்படியே இருந்தது. ரத்தம் எப்போதோ நின்றிருக்கும். வரிசையில் யாரோ சீக்கிரம் சார் என்றார்கள்.

"தட்டுங்க" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார். "தட்டுங்க. ஆள் இருக்கு."